வாங்குவதும் கொடுப்பதும் ஒன்றா? ரங்கூன் கோடை வகுப்புக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்விக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டுக் கோடை வகுப்புக்கென நீங்கள் அச்சிட்டிருக்கும் ஆங்கிலப் பயிற்சி நூலில் ‘பாரோ’, ‘லெண்ட்’ என்ற இரண்டு வினைச்சொற்களும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. எதிரே பர்மிய மொழியில் ‘ஙா’ என்று ஒரு பொருள். அதற்கு எதிரே தமிழில் ‘கடன்’ என்று ஒற்றைச் சொல். அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: இரண்டும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

கடன் வாங்குவதும் கடன் கொடுப்பதும் ஒன்றுதான் என்று எந்தத் தமிழரிடமாவது சொல்லிப் பாருங்கள். அதுவும் பர்மாத் தமிழரிடம்! பாரோ என்றால் வாங்குவது. லெண்ட் என்றால் கொடுப்பது. நூல் கைக்கு வந்ததுமே உங்கள் பொறுப்பாளர் ஒருவரிடம் நேரில் சென்று இதைச் சொன்னேன். “பர்மிய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, பிள்ளைகளை எதற்குக் குழப்ப வேண்டும், சயாமா?” என்றார். ஆசிரியையை இங்கே சயாமா என்றுதான் அழைப்பார்கள். அச்சாகிவிட்ட நூலைத் திருத்த யாருக்குத்தான் மனம் வரும் என்று அன்றைக்குத் திரும்பிவிட்டேன்.

அதன் பின்னால் வந்தது உங்கள் சுற்றறிக்கை. இனி ஆங்கில வகுப்பில் தமிழில் விளக்கம் சொல்லக் கூடாதாம். ஆங்கிலமும் பர்மிய மொழியும் போதுமாம். தமிழ், தமிழ் வகுப்போடு நின்றுகொள்ள வேண்டுமாம். நேரம் மிச்சமாகும் என்று ஒரு காரணம். பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது என்று இன்னொரு காரணம்.

நூலில் இருக்கும் பிழை வேறு, சுற்றறிக்கை வேறு என்று குழு நினைக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பியவர் தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதிப் பார்த்திருந்தால் பிழை அப்போதே கண்ணில் பட்டிருக்கும். பெயர்ச்சொல்லை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்ததால் படவில்லை. இனி தமிழே கூடாது என்றால், இதைப் போன்ற பிழைகளை வகுப்பில் கண்டுபிடிக்கும் வழியையும் அடைத்துவிடுகிறீர்கள்.

பர்மிய மொழியின்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நான் பிறந்து வளர்ந்து படித்த மொழி அது. ‘ஙா’ என்ற சொல்லின் வீச்சே தனி. புத்தகத்தை இரவல் வாங்கினாலும் ஙா, இரவல் கொடுத்தாலும் ஙா. வீட்டை வாடகைக்கு எடுத்தாலும் அதுதான், விட்டாலும் அதுதான். வாடகைக் கார் பிடிப்பதும் அதே சொல்லால்தான். பணக் கடனுக்குத் தனியாக ‘ச்சே’ என்ற சொல் உண்டு. அதுவும் இரு பக்கமும் செல்லும். எந்தப் பக்கம் என்று அறுதியிட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘எடு’ என்ற பொருளில் ‘யூ’, ‘கொடு’ என்ற பொருளில் ‘பே’ சேர்த்துக்கொள்வார்கள். மற்ற இடங்களில் யாரிடமிருந்து என்பதைப் பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டு காட்டிவிடும். பர்மியர் யாரும் இதனால் கடன் கணக்கில் குழம்பியதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை குழம்பித்தான் தீரும். ஆங்கிலம் அந்த வேறுபாட்டை வினைச்சொல்லின் தலையிலேயே கட்டியிருக்கிறது. வினையைத் தவறவிட்டால் பின்னால் வரும் ஒட்டுகள் காப்பாற்றுவதில்லை.

இது பர்மாவுக்கு மட்டும் உரிய சங்கடமும் இல்லை. ஜெர்மன் மொழியில் ‘லைஹன்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. ‘போர்கன்’ என்று இன்னொரு சொல்லும் அப்படியே. ஆங்கிலப் பாரோவுக்கும் அந்தப் போர்கனுக்கும் மூதாதை ஒன்றுதான். பிணை, ஈடு என்ற பொருளுள்ள பழைய சொல் ஒன்றிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலேயரிலேயே வட்டார வழக்கில் ‘பாரோ மீ’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நம் பிள்ளைகள் தடுமாறுவதை மந்தபுத்தி என்று யாரும் சொல்ல வேண்டாம். தடுமாறுவது இயல்பு. தடுமாற்றத்தையே பாடமாக அச்சிட்டுக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது தமிழுக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் எவ்வளவு அரைகுறையாகத் தமிழ் பேசினாலும் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்வதில்லை. ‘பாட்டியிடம் வாங்கினேன்’ என்பார்கள். ‘பாட்டிக்குக் கொடுத்தேன்’ என்பார்கள். பாட்டிக்கு வாங்கினேன் என்றால் அது வேறு செய்தி, கடைக்குப் போய்வந்த செய்தி, என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். தமிழில் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். கடன், இரவல் என்று வரும்போது ‘இடம்’ வந்தால் வாங்கு, ‘கு’ வந்தால் கொடு. ஆங்கிலத்தில் பாரோவுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ வருகிறது. லெண்டுக்குப் பின்னால் ‘டு’ வருகிறது, அல்லது பெறுபவரின் பெயர் நேராகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு மொழியும் இவ்வளவு அழகாகப் பொருந்துகிற இடம் இலக்கணத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு பாடவேளைகூட வேண்டாம். இரண்டு தமிழ் வாக்கியம் போதும். அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் நீங்கள் தடை செய்திருக்கிறீர்கள்.

பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை வினையிலேயே வைத்துப் பேசும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. தரு, வரு என்ற சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. எனக்கும் உனக்கும் என்றால் தருவது, அவனுக்கு என்றால் கொடுப்பது. மலையாளத்தில் இன்றும் அந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது. நம் பேச்சில் தளர்ந்துவிட்டது. ஈ, தா, கொடு மூன்றையும் கேட்பவரின் தகுதியை வைத்துப் பிரிக்கும் நூற்பாவும் அதே நூலில் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் ஒப்பிக்கச் சொல்லப் போவதில்லை. இப்படி ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே கட்டத்தில் போட்டு மூடினோமே என்ற ஆற்றாமையில் சொல்கிறேன்.

உங்கள் நூலின் பயிற்சிப் பகுதியையும் பார்த்தேன். நண்பனிடம் குடை கேட்கும் வாக்கியம் ஒன்று. ‘கேன் யூ’ என்று தொடங்கி, கோடிட்ட இடம், பிறகு ‘மீ யுவர் அம்ப்ரெல்லா’. விடைப் பகுதியில் இரண்டு சொல்லும் சரி என்று போட்டிருக்கிறது. அந்த இடத்தில் லெண்ட் மட்டும்தான் வரும். கேட்கப்படுபவன் நண்பன். கொடுக்க வேண்டியவன் அவன். பாரோ வர வேண்டுமானால் கேள்வி ‘மே ஐ’ என்று தன் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு வாக்கியத்தில் ‘லெண்டெட்’ என்று ஓர் இறந்தகாலம். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. ‘லெண்ட்’ இறந்தகாலத்தில் ‘லென்ட்’ ஆகும். தமிழ் எழுத்தில் எழுதும்போது காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆங்கில எழுத்தில் கடைசி எழுத்து மாறிவிடுகிறது. அதைத்தான் பிள்ளைகள் எழுதிப் பழக வேண்டும். பாரோ ஒழுங்காக ‘பாரோட்’ ஆகிவிடும், அதில் தொல்லை இல்லை.

தமிழிலும் கண்ணிகள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ‘வாங்கு’ என்பது விலைக்கு வாங்குவதையும் குறிக்கிறது. அதனால் மாமாவிடம் ஆயிரம் கியாட் வாங்கினேன் என்று சொல்ல வந்த சிறுவன், மாமாவிடமிருந்து ஆயிரம் கியாட்டை விலைக்கு வாங்கியதாக ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறான். இதுபோன்ற இடங்களில் ஆசிரியர் நின்று விளக்க வேண்டும். தமிழில்தான் விளக்க வேண்டும், ஏனென்றால் பிழை தமிழிலிருந்து வந்திருக்கிறது. பர்மிய மொழியில் அதை எப்படி விளக்குவது என்று உங்கள் சுற்றறிக்கை சொல்லவில்லை.

இவையெல்லாம் வகுப்பறைச் சில்லறைகள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வகுப்பறைக்கு வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கு அனுப்பும் ஒரு வணிக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னிடம் வருவதற்கு முன்பே, வேறொரு பயிற்சி வகுப்பில், இந்த இரண்டு சொல்லும் ஒன்றுதான் என்று மனப்பாடம் செய்திருந்தவள். தானியத்தின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்றை அவள் அலுவலகம் இன்னொரு நிறுவனத்தின் கிடங்குக்கு இரவல் கொடுத்தது. அதைக் குறித்து அவள் ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சலில் லெண்டின் இடத்தில் பாரோ இருந்தது. கொடுத்தோம் என்பது வாங்கினோம் என்று ஆகிவிட்டது. கருவி காணாமல் போன பிறகு எதிர்த்தரப்பு அந்த மின்னஞ்சலைத்தான் எடுத்துக் காட்டியது. நீங்கள்தானே எங்களிடம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், திருப்பித் தாருங்கள் என்றது. கருவியின் விலையில் ஒரு பகுதி அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ‘கொடுத்தோம்’ என்று தமிழில் நினைத்து ஆங்கிலத்துக்குப் போயிருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. அவளுக்கு அப்படி நினைக்க யாரும் பழக்கவில்லை.

அடுத்தது மலேசியாவுக்கு வேலைக்குப் போகத் தயாரான ஓர் இளைஞனின் கதை. பயணச் செலவுக்கு முன்பணம் கொடுத்த தரகர் ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் நீட்டியிருக்கிறார். அதில் பாரோயர், லெண்டர் என்று இரண்டு தரப்பு. எந்த நேரத்திலும் முழுத்தொகையையும் உடனே கேட்கும் உரிமை லெண்டருக்கு உண்டு என்று ஒரு விதி. இந்தப் பிள்ளை லெண்டர் என்பது கடன் பெறுகிற தானே என்று படித்திருக்கிறான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, “பத்திரம் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, சயாமா, முழுப் பணத்தையும் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம்” என்று என்னிடம் சொன்னான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, அதை உடைத்துச் சொல்ல எனக்கு வாய் வர நேரமாயிற்று. பிறகு நடந்தது எல்லாக் கடன் கதைகளிலும் நடப்பதுதான். வீட்டிலிருந்த நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

இந்த இருவரும் கவனமில்லாதவர்கள் அல்லர். தங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை அப்படியே நம்பியவர்கள். நாளைக்கு உங்கள் நூலை நம்பப் போகிறவர்கள் நம் ஆலய மண்டபங்களில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். இவர்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போகப் போகிறவர்கள். அவர்கள் முதலில் படிக்கப் போகும் ஆங்கிலம் கதைப் புத்தகமாக இருக்காது. முன்பணப் பத்திரமாகத்தான் இருக்கும்.

கடன் என்ற சொல்லைப் பர்மாத் தமிழர் அலட்சியமாகக் கையாளலாமா என்று உங்களில் மூத்தவர்களைக் கேட்கிறேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதிக் கழிமுகம் முழுவதும் நெல் வயலாக மாறியபோது, அந்த வயல்களுக்கு முதல் போட்டவர்களில் பெரும்பங்கு நாட்டுக்கோட்டை நகரத்தாருடையது. ரங்கூனில் அவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த மொகல் தெரு இன்று ஷ்வேபோந்தா தெரு என்ற பெயரில் இருக்கிறது. பர்மிய மொழி அவர்களுக்குச் ‘சித்தீ’ என்று ஒரு பெயரையே வைத்துக்கொண்டது. 1930களில் நெல் விலை விழுந்தது. வாங்கிய கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கொடுத்தவர்கள் கைக்குப் போயிற்று. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதமானது. அந்தக் கசப்பு எப்படியெல்லாம் வெடித்தது, 1942இல் எத்தனை பேர் நடந்தே இந்த நாட்டைவிட்டு வெளியேறினார்கள், 1948இல் நிலங்கள் எப்படி அரசுடைமையாயின என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. உங்கள் வீடுகளில் பேசியிருப்பார்கள்.

நம்மில் பெரும்பாலோர் கொடுத்தவர்களின் வாரிசுகளும் அல்லர். என் தாத்தா கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்து, அந்த முன்பணத்தைக் கழிக்க அறுவடைக்கும் ஆலைக்கும் அலைந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், அரிசி ஆலையில் தவிடு குடித்தவர்கள் என்று அவரைப் போன்றவர்கள்தான் ரங்கூனை நிரப்பியிருந்தார்கள். ஆக, இந்த மண்ணில் தமிழர் கொடுத்த பக்கமும் நின்றார்கள், வாங்கிய பக்கமும் நின்றார்கள். யார் எந்தப் பக்கம் என்பதுதான் அன்றைக்கு ஒருவனின் நிலத்தையும் பிழைப்பையும் தீர்மானித்தது. அந்தச் சமூகத்தின் பிள்ளைகளுக்கு, இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது என்ற உங்கள் காரணத்துக்கு வருகிறேன். 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது நம் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு தமிழ் பிழைத்ததெல்லாம் ஆலய மண்டபத்திலும் கோடை விடுமுறையிலும்தான். மார்ச் முதல் மே வரை, திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நாட்கள் போக மிஞ்சுவதுதான் நம் கல்வியாண்டு. அந்தச் சில வாரங்களுக்குள்ளும் தமிழைத் தமிழ் வகுப்புக்குள் பூட்டினால், பிள்ளைகளின் கண்ணில் அது என்னவாகும்? திருப்புகழ் ஒப்பிப்பதற்கும் தேர் நாளில் பேசுவதற்கும் உரியது என்று ஒதுங்கிவிடும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் தமிழுக்கு வேலை உண்டு என்று அவர்கள் பார்த்தால்தான் அதைப் படிப்பதில் ஒரு பயன் தெரியும். பத்து வயதுப் பையன் ஒருவன், ‘இடம்’, ‘கு’ இரண்டையும் வைத்து ஆங்கில விடையைப் பிடித்துவிட்டு, “தமிழில் நினைத்தால் ஆங்கிலம் சுலபமாக இருக்கிறதே” என்று பக்கத்துப் பையனிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவன் அதைப் பர்மிய மொழியில்தான் சொன்னான் என்பது வேறு விஷயம்!

தெரியாது என்பதற்காக ஒன்றை எடுத்துவிடுவது என்றால், ஆங்கிலமும்தான் அவர்களுக்குத் தெரியாது.

நேரம் மிச்சமாகும் என்ற காரணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பர்மிய மொழியில் விளக்கி, பிள்ளைகள் குழம்பி, மறுபடி விளக்கி, மறுபடி குழம்பி முடிக்க ஒரு மணிநேரம் ஆகிறது. தமிழ் வாக்கியம் இரண்டைக் கரும்பலகையில் எழுத ஒரு நிமிடம்.

இந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினால் என்ன வர வேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் ‘கடன்’ என்ற ஒற்றைச் சொல் போக வேண்டும். பணமானால் கடன். சில நாளில் வட்டியில்லாமல் திருப்பித் தரும் சிறு தொகையானால் கைமாற்று. பாத்திரம், புத்தகம், குடை போன்று அதே பொருள் திரும்பி வர வேண்டுமானால் இரவல். ஆங்கிலம் இந்த மூன்றையும் பிரிப்பதில்லை, தமிழ் பிரிக்கிறது. மாறாக, தமிழ் வாங்கு, கொடு என்று கடனோடு சேரும் வினையில் காட்டும் திசையை ஆங்கிலம் தனிச் சொல்லாக்கி வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் குறுக்குவெட்டைக் காட்டினால் போதும், இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் பிடிபடும்.

அடுத்து, கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளுக்குத்தான் பாரோ இயல்பாக வரும் என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளை அதைப் பாரோ செய்ய விரும்புவதாகக் கேட்டால், பெயர்த்து எடுத்துப் போகப் போகிறானோ என்று கேலி செய்வார்கள். அங்கே ‘யூஸ்’ போதும். ஆனால் அடுத்த வீட்டில் ஒரு குவளைச் சர்க்கரை கேட்பதற்குப் பாரோ வரும். அதே சர்க்கரை திரும்பப் போவதில்லை, வேறு சர்க்கரை போகும், அல்லது போகாமலே இருந்துவிடும். வாடகைக்கு ஆங்கிலத்தில் ‘ரெண்ட்’ என்ற சொல் நம் பர்மிய ‘ஙா’வைப் போலவே இரண்டு பக்கமும் பேசும் என்பதையும் ஒரு வரி போடலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆங்கிலமும் சில இடத்தில் பர்மிய மொழி மாதிரிதான் என்று தெரிந்தால் பயம் குறையும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. உதவி செய்வதற்கு ஆங்கிலத்தில் கையை லெண்ட் செய்வார்கள். நாம் கைகொடுக்கிறோம். கவனித்துக் கேட்பதற்கு அவர்கள் காதை லெண்ட் செய்வார்கள். நாம் செவிகொடுக்கிறோம். இரண்டு இடத்திலும் தமிழில் ‘கொடு’ வந்து நிற்கிறது. இதை ஒரு முறை காட்டிவிட்டால் லெண்ட் என்பது கொடுக்கும் பக்கம் என்பதை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. பாரோவுக்கும் அப்படி ஒன்று பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. கழித்தல் கணக்கில் மேல் எண் சிறியதானால் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கிக் கழிக்கிறோம். ஆங்கிலத்திலும் அதற்குப் பாரோ என்றே சொல்வார்கள். கணக்கு வகுப்பில் வாங்கு என்று சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு ஆங்கில வகுப்பில் கடன் என்று மட்டும் சொல்லி நிறுத்துவானேன்?

‘லோன்’ என்ற சொல்லை முதலாண்டில் பெயர்ச்சொல்லாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். அமெரிக்கர்கள் அதை வினையாகவும் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பெரிய வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி என் கோரிக்கைகள்.

நூலின் மீதிப் பிரதிகள் பெகுவுக்கும் மோல்மேனுக்கும் அனுப்பப்படவிருப்பதாக அறிகிறேன். அந்தப் பக்கத்துக்குத் திருத்தச் சீட்டு ஒட்டாமல் ஒரு பிரதியையும் அனுப்பாதீர்கள். சீட்டில் பாரோ என்பதற்குக் கடன் வாங்கு, இரவல் வாங்கு என்றும், லெண்ட் என்பதற்குக் கடன் கொடு, இரவல் கொடு என்றும் இருக்க வேண்டும். பர்மியப் பத்தியில் ‘ஙா’வோடு யூ, பே இரண்டையும் சேர்த்துப் பிரித்துக் காட்ட வேண்டும். விடைப் பகுதியில் குடை வாக்கியத்துக்கு ஒரே விடை, லெண்ட். லெண்டெட் என்ற சொல்லை அடித்துவிடுங்கள். சீட்டின் வாசகத்தை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். அச்சுச் செலவை ஆசிரியர்கள் நாங்களே பகிர்ந்துகொள்வதாகவும் சொல்லியிருக்கிறோம்.

ரங்கூனில் ஏற்கெனவே நூலைப் பெற்றுவிட்ட பிள்ளைகளுக்கு, இந்த ஒரு பக்கத்தை மறுபடி நடத்த எல்லா வகுப்புகளுக்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் விளக்கம் கூடாது என்ற சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எந்த இடத்தில் தமிழ் வேண்டும், எந்த இடத்தில் பர்மிய மொழி வேண்டும் என்பதை வகுப்பில் நிற்கும் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். இனிமேல் எந்தப் பயிற்சி நூலையும் அச்சுக்கு அனுப்பும் முன் ஆசிரியர்களில் மூன்று பேராவது படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போடுங்கள்.

திஞ்சான் விடுமுறை முடிந்து வகுப்பு மீண்டும் தொடங்குவதற்குள் பதில் வேண்டும். பொறுப்பாளர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். சுற்றறிக்கையை எந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்களோ அதே பலகையில், குழுவின் முத்திரையோடு, எழுத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கோடை வகுப்பில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியை ஒருத்தி,
ரங்கூன்